பிளேடு இல்லாத லேசர் கண் சிகிச்சை: உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி: தங்கைக்கு 23 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.5 பவர், கூடவே சிலிண்டர் பவர் 1. கார்னியாவின் தடிமன் 528 என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. பிளேடே இல்லாத லேசர் செய்யலாம் என்கிறார்கள். கத்தி இல்லாமல் எப்படி வெட்டுவார்கள்? சாதாரண லாசிக்கைவிட இது பாதுகாப்பானதா? ஸ்மைல், காண்டூரா என்று வேறு பெயர்களும் சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

பதில்:

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பழைய லாசிக்கிலும் கண்ணின் பவரை மாற்றியது கத்தி இல்லை, லேசர்தான். லேசர் படவேண்டிய இடத்தைத் திறந்துகொடுக்க மட்டுமே பிளேடு பயன்பட்டது. பிளேடு இல்லாத சிகிச்சை என்றால் அந்தத் திறக்கும் வேலையையும் இன்னொரு லேசர் செய்கிறது, அவ்வளவுதான். இது நல்ல முன்னேற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் தங்கையின் கண் பத்து வருடம் கழித்தும் நன்றாக இருக்குமா என்பதை முடிவு செய்வது பிளேடா லேசரா என்பதைவிட, நீங்கள் குறிப்பிட்ட அந்த 528-ம் அதோடு வந்த ஸ்கேன் படமும்தான். கண் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைகளைச் செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட் நான். அதனால் அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

கண்ணுக்குள் போகும் ஒளியை விழித்திரையில் குவிப்பதில் பெரும்பங்கு கார்னியாவுடையது. கருவிழியின் மேல் கண்ணாடிபோல் இருக்கும் படலம் அது. டயாப்டர் என்பது பவரை அளக்கும் அலகு. கண்ணின் மொத்த பவர் ஏறத்தாழ 60 டயாப்டர் என்றால், அதில் 43 அளவுக்குக் கார்னியாவே தருகிறது. மிச்சத்தை உள்ளே இருக்கும் லென்ஸ் தருகிறது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் கொஞ்சம் நீளமாக வளர்ந்திருக்கும். அதனால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கண்ணின் நீளத்தைக் குறைக்க முடியாது, ஆனால் கார்னியாவின் வளைவைக் குறைக்க முடியும். நடுப்பகுதியில் கொஞ்சம் திசுவை எடுத்தால் கார்னியா தட்டையாகும், ஒளி பின்னால் தள்ளிக் குவியும். எடுக்கும் அளவோ மிகச் சிறியது. 6 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிசெய்தால், ஒரு டயாப்டருக்கு நடுவில் சுமார் 12 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு துல்லியமாகத் திசுவை எடுக்கும் வேலையைச் செய்வது எக்சைமர் லேசர். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புறஊதாக் கதிர் அது. இதன் கதையில் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தார். 1981 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் இந்தக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். சாதாரணப் பச்சை லேசர் பட்ட இடம் ஓரமெல்லாம் கருகிப்போனது. எக்சைமர் பட்ட இடத்தில் கருகலே இல்லாமல் சுத்தமான பள்ளம் விழுந்திருந்தது. அந்தக் கதிர் திசுவைச் சூடாக்கி எரிப்பதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துத் துகளாக்கி வெளியே தள்ளிவிடுகிறது. வெப்பம் பக்கத்துத் திசுவுக்குப் பரவும் முன்னால் வேலை முடிந்துவிடுகிறது. கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் சீனிவாசனோடு சேர்ந்து இதைக் கார்னியாவில் சோதித்து, 1983-ல் முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகமெங்கும் நடக்கும் லாசிக்குக்கு அடித்தளம் அதுதான். ஐபிஎம் குழுவின் மூவருக்கும் அமெரிக்க அதிபர் ஒபாமா 2013-ல் தேசியத் தொழில்நுட்ப விருது வழங்கினார். தமிழ்நாட்டில் லாசிக் செய்துகொள்கிறவர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சிகிச்சையின்போது முடி பொசுங்குவதுபோல் ஒரு வாசனை வரும். கண் எரிகிறதோ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். எரியவில்லை. பிணைப்பு அறுந்து வெளியேறும் புரதத் துகள்களின் வாசனை அது. உங்கள் தங்கையிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, அப்படியானால் எக்சைமரை நேரடியாகக் கார்னியாவின் மேலேயே அடித்துவிடலாமே, ஏன் திறக்கவேண்டும்? அடிக்கலாம், அப்படித்தான் தொடங்கினார்கள். பிஆர்கே என்பது அந்த முறைதான். கார்னியாவின் மேல்தோல் சுமார் 50 மைக்ரான் தடிமன். அதைச் சுரண்டினாலும் நாலைந்து நாளில் திரும்ப வளர்ந்துவிடும். அதனால் மேல்தோலில் செதுக்கிப் பயனில்லை, அதை நீக்கிவிட்டு அடியில் உள்ள ஸ்ட்ரோமா என்ற உறுதியான அடுக்கில்தான் செதுக்கவேண்டும். சிக்கல் என்னவென்றால், மேல்தோல் வளர்கிறவரை நல்ல வலி இருக்கும், கண்ணில் நீர் கொட்டும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். இதற்கு மாற்றாக வந்ததுதான் லாசிக். மேல்தோலை அழிக்காமல், அதோடு சேர்த்து மெல்லிய அடுக்கு ஒன்றை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி வெட்டி, மூடிபோல் திறந்து, உள்ளே செதுக்கிவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். அந்த மூடிக்குப் பெயர் ஃபிளாப். பார்வை மறுநாளே தெளிந்துவிடும்.

இந்த ஃபிளாப்பை வெட்டத்தான் மைக்ரோகெரடோம் என்ற கருவி இருந்தது. அதிவேகமாக அசையும் சிறிய உலோக பிளேடு கார்னியாவின்மேல் ஓடிப்போகும். நல்ல கையில் அது நன்றாகவே வேலை செய்தது, இன்றும் செய்கிறது. ஆனால் அதன் குறைகளும் தெரிந்தவைதான். வெட்டும் ஃபிளாப் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். 120 மைக்ரான் கேட்டால் ஒரு கண்ணில் 100-ம் இன்னொரு கண்ணில் 140-ம் வரலாம். அதிக வளைவுள்ள கார்னியாவில் ஃபிளாப்பின் நடுவே ஓட்டை விழும் அபாயம் இருந்தது. மிகத் தட்டையான கார்னியாவில் மூடி முழுதாகக் கழன்று கையோடு வந்துவிடும் அபாயம் இருந்தது. அரிதாக நடந்தவைதான், ஆனால் நடந்தால் அன்றைக்கு லேசரை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் ஃபெம்டோசெகண்ட் லேசர் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மாணவர் கண்ணில் தவறுதலாக இந்த லேசர் பட்டுவிட்டது. அவரைப் பரிசோதித்த இளம் கண் மருத்துவர் ரான் கர்ட்ஸ், விழித்திரையில் இருந்த காயம் அசாதாரண நேர்த்தியோடு, சுற்றியுள்ள இடம் கெடாமல் இருப்பதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பு டிபோர் யூஹாஸ் என்ற இயற்பியலாளரோடு கூட்டாய்வாக வளர்ந்து, இன்ட்ராலேஸ் என்ற இயந்திரமாக 2000-களின் தொடக்கத்தில் மருத்துவமனைகளுக்கு வந்தது. அந்த ஆய்வகத்தில் இருந்த ஜெரார் மூரூ, தம் மாணவி டோனா ஸ்ட்ரிக்லேண்டோடு 1985-ல் வெளியிட்ட மிகக்குறுகிய லேசர் துடிப்பு முறைக்காக 2018-ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இது வெட்டும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு ஃபெம்டோசெகண்ட் என்பது ஒரு நொடியை ஒரு லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி ஆயிரமாகப் பிரித்தால் வரும் நேரம். லேசரின் ஒவ்வொரு துடிப்பும் சில நூறு ஃபெம்டோசெகண்ட்தான். அலைநீளம் சுமார் 1050 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இந்த ஒளிக்குக் கார்னியா முழுக்கத் தெளிவானது, அதனால் மேற்பரப்பை ஒன்றும் செய்யாமல் உள்ளே போய்விடும். எந்த ஆழத்தில் குவிக்கிறோமோ அந்தப் புள்ளியில் மட்டும் அதன் ஆற்றல் திசுவைப் பிளாஸ்மாவாக்கி, மிகச் சிறிய வாயுக் குமிழை உண்டாக்கும். குமிழ் விரிந்து அந்த இடத்தில் இழைகளைப் பிரித்துவிடும். இப்படிச் சில மைக்ரான் இடைவெளியில், ஒரே ஆழத்தில், லட்சக்கணக்கான புள்ளிகளை வரிசையாக வைத்துக்கொண்டே போனால் அந்தத் தளம் முழுக்கப் பிரிந்து நிற்கும். தபால் தலைத் தாளில் துளைக்கோட்டை ஒட்டிக் கிழிப்போமே, அதுபோல மருத்துவர் ஒரு மெல்லிய கருவியால் நெம்பினால் ஃபிளாப் அந்தத் தளத்தில் பிரிந்து வந்துவிடும். தடிமன் மையத்திலும் ஓரத்திலும் ஒரே அளவு. 110 மைக்ரான் கேட்டால் சில மைக்ரான் வித்தியாசத்துக்குள் அதுவே கிடைக்கும்.

ஆக, கூரான பிளேடு இல்லை என்பது உண்மை. கருவியே கண்ணில் படாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபிளாப்பை நெம்பித் தூக்குவது மருத்துவரின் கைதான்.

மேசையில் படுத்தபின் நடப்பது இதுதான். மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள், ஊசி கிடையாது. இமைகள் மூடாமல் இருக்க ஒரு கிளிப் வைப்பார்கள். கண் அசையாமலிருக்க உறிஞ்சிப் பிடிக்கும் ஒரு வளையத்தை வைக்கும்போது அழுத்தம் தெரியும், சில இயந்திரங்களில் வெளிச்சம் மங்கி இருட்டிவிடும். பலர் பதறுவது இங்கேதான். உறிஞ்சும் அழுத்தத்தால் ஏற்படும் தற்காலிக மங்கல் அது, அரை நிமிடத்துக்குள் விலகிவிடும். அப்புறம் எக்சைமருக்குக் கீழே போவார்கள். ஃபிளாப்பைத் தூக்கியதும் பார்வை கலங்கலாகிவிடும், மினுக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். கண் லேசாக அசைந்தால், அசைவைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ட்ராக்கர் லேசரைக் கூடவே நகர்த்தும், அதிகமாக விலகினால் லேசரை நிறுத்திவிடும். அதனால் "நான் அசைந்துவிட்டால் என்ன ஆகும்" என்ற பயம் தேவையில்லை. செதுக்கும் நேரம் பெரும்பாலும் அரை நிமிடத்துக்கும் குறைவு. பிறகு ஃபிளாப்பைக் கழுவி, அதே இடத்தில் படியவைத்து, சில நிமிடம் காத்திருப்பார்கள். தையல் எதுவும் இல்லை. கார்னியாவின் உட்புறச் செல்கள் நீரை இடைவிடாமல் உறிஞ்சி வெளியேற்றுவதால் ஃபிளாப் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஓரத்தை மேல்தோல் ஓரிரு நாளில் மூடிவிடும். முதல் சில மணி நேரம் எரிச்சலும் நீரும் இருக்கும், கண்ணை மூடித் தூங்கிவிடுவதே நல்லது.

ஸ்மைல் இதிலிருந்து வேறுபட்டது. அதில் எக்சைமரும் இல்லை, ஃபிளாப்பும் இல்லை. ஜெர்மனியில் வால்டர் செகுண்டோவும் மார்கஸ் பிளமும் உருவாக்கிய முறை, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-ல் அனுமதித்தது. ஃபெம்டோ லேசர் கார்னியாவுக்குள்ளேயே மேலும் கீழுமாக இரண்டு தளங்களை வெட்டி, நடுவில் ஒரு மெல்லிய லென்ஸ் வடிவத் திசுவைப் பிரித்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் ஓரத்தில் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியாக மருத்துவர் அந்தத் துண்டை உரித்து வெளியே எடுத்துவிடுவார். பெரிய ஃபிளாப் இல்லாததால் கார்னியா நரம்புகள் குறைவாகவே அறுபடும், கண் வறட்சி குறைவு, அடிபட்டால் ஃபிளாப் நகர்ந்துவிடும் என்ற கவலையும் இல்லை. இன்னொரு பக்கம், துண்டை முழுதாக உரித்தெடுப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். முதல் சில நாட்களில் பார்வை லாசிக் அளவுக்குச் சட்டென்று தெளியாது. பின்னால் மிச்சப் பவரைச் சரிசெய்ய வேண்டிவந்தால் அதே முறையில் எளிதாகத் திரும்பச் செய்ய முடியாது, பெரும்பாலும் பிஆர்கே பக்கம் போகவேண்டும். சில்க் என்று விளம்பரப்படுத்தப்படுவதும் இதே குடும்பம்தான், இயந்திரம் வேறு.

காண்டூரா என்ற பெயர் வேறு ஒன்றைக் குறிக்கிறது. கார்னியாவின் மேடுபள்ள வரைபடத்தைப் பார்த்து எக்சைமர் எப்படிச் செதுக்கவேண்டும் என்று திட்டமிடும் முறை அது. ஃபிளாப்பை எதனால் வெட்டுகிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளேடால் வெட்டிவிட்டும் காண்டூரா செய்யலாம். அதனால் விலைப்பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால், "ஃபிளாப் ஃபெம்டோவிலா, மைக்ரோகெரடோமிலா?" என்று தனியாகக் கேளுங்கள்.

டிரான்ஸ் பிஆர்கே என்றால் மேல்தோலையும் எக்சைமரே நீக்கிவிடும். கண்ணில் கருவி தொடுவது மிகக் குறைவான முறை இதுதான். வலி சில நாள் இருக்கும். ஆனால் மெல்லிய கார்னியா உள்ளவர்களுக்கும், அடிபட வாய்ப்புள்ள விளையாட்டு, காவல் பணி போன்றவற்றில் இருப்பவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

இனி "பாதுகாப்பானதா" என்ற கேள்விக்கு வருகிறேன். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்வையின் தெளிவை அளந்தால், பிளேடு லாசிக்குக்கும் ஃபெம்டோ லாசிக்குக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஃபெம்டோவின் மேன்மை ஃபிளாப் சம்பந்தமான சிக்கல்கள் குறைவதிலும், தடிமன் நம்பகமாக இருப்பதிலும் இருக்கிறது. தடிமன் நம்பகமாக இருப்பது ஏன் முக்கியம் என்பது உங்கள் தங்கையின் கணக்கைப் போட்டால் தெரியும்.

528 மைக்ரானில் ஃபிளாப்புக்கு 110 போனால் மிச்சம் 418. பவர் 4.5, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாக இருக்கும் பவர்) 1, இரண்டும் சேரும் திசையில் 5.5 டயாப்டர். 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் டயாப்டருக்குச் சுமார் 14 மைக்ரான், மொத்தம் 77. அடியில் மிஞ்சுவது 341 மைக்ரான். குறைந்தது 250 மிஞ்சவேண்டும் என்பது பழைய விதி, இன்று பல மருத்துவர்கள் 300-க்குக் கீழே போக விரும்புவதில்லை. இன்னொரு கணக்கும் உண்டு: ஃபிளாப்பும் செதுக்கியதும் சேர்ந்து 187, அது 528-ல் சுமார் 35 சதவீதம். 40-ஐத் தாண்டினால் கவனம் தேவை என்பார்கள். இரண்டிலும் தங்கை தேறுகிறார். இதே பவருக்கு ஸ்மைல் செய்தால் துண்டை உரிக்க வசதியாக அடியில் 15 மைக்ரானோ அதற்குக் கூடவோ சேர்த்து எடுப்பார்கள். துண்டுக்கு மேலே விடும் அடுக்கை 120 என்று வைத்தால் அடியில் 316 மிஞ்சும், அதுவும் பரவாயில்லை. இவை என் தோராயக் கணக்கு. சரியான எண்ணை இயந்திரமே காட்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். பவர் 8 என்றிருந்து தடிமன் 490 என்றிருந்தால் இந்தக் கணக்கு இடறிவிடும். அப்போது கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ்தான் பொருத்தம்.

ஆனால் தடிமன் மட்டும் போதாது. கார்னியாவின் வடிவம் அதைவிட முக்கியம். கெரடோகோனஸ் என்ற நோயில் கார்னியா மெல்ல மெல்ல வலுவிழந்து கூம்பாகப் பிதுங்கும். தொடக்கநிலையில் அறிகுறியே இருக்காது, வெறும் சிலிண்டர் பவர்போலத் தெரியும். அந்தக் கண்ணில் லேசர் செய்தால் பிதுக்கம் வேகமெடுக்கும், பார்வை கண்ணாடியாலும் திருத்த முடியாத அளவுக்குக் கெடலாம். எக்டேசியா என்ற இந்தச் சிக்கல்தான் லேசர் சிகிச்சையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது. பிளேடு இல்லாததால் இது வராமல் போய்விடாது, ஸ்மைலுக்குப் பிறகும் வந்திருக்கிறது. பென்டாகேம் போன்ற ஸ்கேனில் கார்னியாவின் பின்பரப்பு வரைபடத்தையும் பார்த்துத்தான் இதைப் பிடிக்கமுடியும். தங்கைக்கு அலர்ஜி இருந்து கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது கெரடோகோனஸ் இருந்தால், அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால், மென்மையான லென்ஸை ஓரிரு வாரமும் கடினமான லென்ஸை மூன்று, நாலு வாரமும் நிறுத்திவிட்டுத்தான் ஸ்கேன் எடுக்கவேண்டும். லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். முந்தின நாள்வரை லென்ஸ் போட்டிருந்து எடுத்த ஸ்கேன் என்றால் அதை நம்பவேண்டாம், மறுபடி எடுங்கள்.

பவர் ஒரு வருடமாக அரை டயாப்டருக்கு மேல் மாறாமல் இருக்கவேண்டும். 23 வயது என்பதால் பழைய கண்ணாடிச் சீட்டைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ தள்ளிப்போடுங்கள். போலீஸ், ராணுவம், ரயில்வே வேலைக்கு முயற்சி செய்கிறார் என்றால் அந்தத் தேர்வின் அறிவிக்கையில் லேசர் சிகிச்சை பற்றிய விதியை முதலில் படியுங்கள். துறைக்குத் துறை மாறும், சிலவற்றில் தகுதியே போய்விடும்.

முதல் சில மாதம் கண் வறட்சி அநேகமாக எல்லோருக்கும் இருக்கும், கார்னியா நரம்புகள் திரும்ப வளர நாளாகும். நாள் முழுக்கக் கணினி பார்க்கிற வேலை என்றால் சொட்டு மருந்து பையிலேயே இருக்கட்டும். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம், பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஒரு வாரம் தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாது, ஓரிரு வாரம் கண்மை கூடாது, ஒரு மாதம் நீச்சல் கூடாது, கசக்கவே கூடாது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படும், அதை இந்த லேசர் தடுக்காது. மைனஸ் கண்ணின் விழித்திரை மெலிவும் அப்படியே இருக்கும். கண்ணாடி போய்விட்டது என்று வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன், பவர் சீட்டு, செதுக்கிய அளவு எல்லாவற்றையும் பிரதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், போனிலும் படமெடுத்து வையுங்கள். வயதானபின் கண்புரை அறுவை சிகிச்சைக்கு லென்ஸ் பவர் கணக்கிடும்போது, லேசர் செய்த கார்னியாவில் வழக்கமான சூத்திரம் தவறும், பழைய அளவுகள் இருந்தால் பெரிய உதவி. கார்னியா மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பின்னாளில் எந்த மருத்துவர் கண் அழுத்தம் பார்த்தாலும், "எனக்கு லேசர் செய்திருக்கிறது" என்று தங்கையே முந்திக்கொண்டு சொல்லவேண்டும். வெளியிலிருந்து கண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை, அதிலும் ஸ்மைல் செய்த கண்ணில்.